பூசணிக்காயைக் கையில் பிடித்தபடி சொன்னது

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் ஒவ்வொருவருக்கும் சர்வருக்குள் போக முதல் நாளே ஒரு சாவி கொடுத்திருப்பார்கள். உங்கள் பெயரில், உங்களுக்கு மட்டும். எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டால் போதாதா, எதற்கு இத்தனை கெடுபிடி என்று உங்களில் இரண்டு பேர் கேன்டீனில் அலுத்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு வேறு என்ன வேலை, கேன்டீன் செய்தியெல்லாம் இட்லி ஆறுவதற்குள் எனக்கு வந்துவிடும். அந்த இருவர் பெயரைச் சொல்லமாட்டேன். அந்தக் கெடுபிடி எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன். தாராளமாகச் சிரியுங்கள், எனக்கே இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது.

சர்வரில் ‘ரூட்’ என்று ஒரு கணக்கு உண்டு. அதற்குள் போனவர் எதையும் செய்யலாம், எதையும் அழிக்கலாம், மிஷின் ஏன் என்று கேட்காது. அம்பத்தூர் எஸ்டேட்டில் இருக்கும் நம் தொழிற்சாலையில் அப்போது கம்ப்யூட்டர் பிரிவில் நாங்கள் பதினொரு பேர். நான் பிரிவுத் தலைவன். பதினொரு பேருக்கும் ரூட்டுக்கு ஒரே பாஸ்வேர்டு. அதை மாற்றினால் பதினொரு பேரும் புதிதாக மனப்பாடம் செய்யவேண்டுமே என்று யாரும் மாற்றுவதில்லை. வேலையை விட்டுப் போய் குமணன்சாவடியில் செல்போன் கடை வைத்த ஒருவன், எப்போதாவது போன் செய்தால் நலம் விசாரித்த கையோடு, “மச்சான், இன்னும் அதே பாஸ்வேர்டுதானா?” என்று கேட்பான். அதேதான் என்று நானும் பெருமையாகச் சொல்வேன். பழசை மறக்காத ஆட்கள் என்று எங்களைப் பற்றி எங்களுக்கு அப்படியொரு எண்ணம்.

இனி ஆயுத பூஜைக்கு வருகிறேன். பூஜையன்று காலையில் லேத் பிரிவில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மிஷினையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, தரையைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டிவிடுவார்கள். எங்களுக்கும் கை துறுதுறுக்கும். சர்வரைக் கழுவவா முடியும்? அதனால் நாங்களாக ஒரு வழக்கத்தை உண்டாக்கிக்கொண்டோம். அன்று காலை பதினொரு பேரும் ரூட்டாக உள்ளே போய், பழைய குப்பை ஃபைல்களையெல்லாம் தேடித் தேடி அழிப்போம். யார் அதிகம் அழித்தது என்று போட்டி வேறு. ஊர் கூடித் தேர் இழுப்பதுபோல் ஊர் கூடிக் குப்பை அள்ளினோம். இதைவிட ஆபத்தான பக்தி உலகத்தில் உண்டா என்று தெரியவில்லை.

அந்த வருடம் என் பங்காக, லேபிள் வேலை புது சர்வருக்கு மாறியபின் மூலையில் சும்மா ஓடிக்கொண்டிருந்த பழைய சர்வரை எடுத்துக்கொண்டேன். அதில் கிடந்த லேபிள் டிசைன் ஃபோல்டர் முழுவதையும் அழித்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி, என் வீட்டை நான் கூட்டிவிட்டேன் என்று அறிவித்தேன். மணி பத்தரை இருக்கும்.

பதினொன்றரைக்குப் பெட்டிகளுக்கு ஒட்டும் லேபிள் அச்சாகவில்லை என்று பேக்கிங் பிரிவிலிருந்து ஆள் ஓடிவந்தார். புது சர்வரில் இருந்த லேபிள் டிசைன்கள் மொத்தமாகக் காணோம். லேபிள் ஒட்டாத பெட்டி நம் கேட்டைத் தாண்டாது, தாண்டினாலும் வாங்குபவர் இறக்கமாட்டார். அடுத்த நாள் முதல் தொடர் விடுமுறை. அன்றைக்குள் போகவேண்டிய லாரிகள் கேட்டுக்கு உள்ளே ஆறும் வெளியே அதற்கு மேலும் நின்றன. டிரைவர்கள் இறங்கிப் பொரி வாங்கித் தின்றுகொண்டிருந்தார்கள். பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஜி.எம். நேராக எங்கள் அறைக்கு வந்தார். நல்ல மனிதர், ஆனால் கோபம் வந்தால் பக்கத்தில் இருக்கும் மேஜை பாவம். லேபிள் சர்வரை இன்று தொட்டது யார் என்று வரிசையாகக் கேட்டார். நான் இல்லை, நான் இல்லை என்று பத்துக் குரல்கள் வந்தன. அந்தப் பத்தில் என் குரலும் ஒன்று. நான் மனசாரத்தான் சொன்னேன், நான் பழைய சர்வரில் அல்லவா இருந்தேன்.

பதினொன்றாவது ஆள் ஜெயசுதா. ஆம், உங்கள் இன்றைய மேலாளர்தான். அப்போது ஒப்பந்த ஊழியர், நான்கு வருடமாக. அப்பா ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், இராமநாதபுரத்துப் பக்கத்துக் குடும்பம், குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண். அவரை நிரந்தரமாக்கும் உத்தரவு ஜி.எம். மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. விடுமுறை முடிந்ததும் கையில் கிடைக்கும் என்று நானே சொல்லியிருந்தேன்.

“நானும் அந்த சர்வர்ல ரெண்டு பழைய ஃபைல் எடுத்தேன் சார்,” என்றார் ஜெயசுதா. “இந்த ஃபோல்டரைத் தொட்ட ஞாபகம் இல்ல. ஆனா நான் இல்லவே இல்லன்னு அடிச்சுச் சொல்லத் தெரியல.”

அவ்வளவுதான். உண்மையைச் சொன்ன ஒரே ஆள் மேல் எல்லார் கண்ணும் திரும்பியது. பூஜை நான்கு மணிக்கு, அதற்குள் லாரிகள் கிளம்பவேண்டும், யார் செய்தது என்ற பெயரும் எழுத்தில் வேண்டும் என்று என்னிடம் சொல்லிவிட்டு ஜி.எம். போனார். ஜெயசுதாவை இனி எந்த மிஷினையும் தொடவேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

பதிவேட்டைத் திறந்தேன். காலை முழுக்க யார் என்ன செய்தார்கள் என்று மிஷின் ஒழுங்காக எழுதித்தான் வைத்திருந்தது. ரூட் அழித்தார், ரூட் நகர்த்தினார், ரூட் அழித்தார், ரூட் வெளியே போனார், ரூட் உள்ளே வந்தார். எங்கள் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ஒரே இணைப்பு வழியாகப் போனதால் எந்த நாற்காலியிலிருந்து வந்தது என்பதும் தெரியவில்லை. பதினொரு பேரும் சேர்ந்து ஒரே ஆளாகியிருந்தோம்.

அப்போதுதான் வேடிக்கை ஆரம்பித்தது. பெயரை எழுதப்போகிறேன் என்ற செய்தி பரவியதும், ஒவ்வொருவராக என்னைத் தனியாகத் தேடி வந்தார்கள். மாடிப்படியில் ஒருவர் மடக்கி, தன் பெண்ணின் கல்யாண வீடியோ மூன்று வருடமாகச் சர்வரில்தான் இருக்கிறது, அதை அழிக்கப்போய் வேறெதுவும் சேர்ந்து போயிருக்குமோ என்றார். டீ குடிக்கும் இடத்தில் இன்னொருவர், போன மழைக்காலத்தில் வருகைப்பதிவு மிஷின் இரண்டு நாள் நின்றதே, அது எலி கடித்ததால் அல்ல, தன்னால்தான் என்றார். அந்த எலிக்கு நாங்கள் பொறி வைத்து, பாவம், ஒன்று மாட்டியும் இருந்தது. ஒருவர் ஏ.சி. மெக்கானிக்குக்குப் பாஸ்வேர்டைச் சொல்லியிருந்தார், மெக்கானிக் கேட்டாராம். ஒருவர் தனக்கு மறந்துவிடும் என்று மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார். வீட்டில் இருக்கும் அந்த அம்மாளுக்குத் தினமும் போன் செய்து கேட்டுத்தான் இவர் வேலையே பார்த்திருக்கிறார். கடைசியாக வந்தவர் கண் கலங்கி நின்றார். பேக்கப்பையும் பழைய குப்பை என்று நினைத்து அன்று காலை துடைத்தது அவர்தான்.

மொத்தம் எட்டுப் பேர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். நான் தேடிய குற்றம் மட்டும் அதில் இல்லை. பாவமன்னிப்புக் கொடுத்துக் கொடுத்து எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்தால் அழுகிறவர் கோபித்துக்கொள்வாரே என்று உதட்டைக் கடித்துக்கொண்டு தோளில் தட்டி அனுப்பினேன்.

இந்த அமளியில் டூல் ரூம் அண்ணாத்தே சுண்டல் பொட்டலங்களோடு வந்தார். எல்லாரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம், பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. மேனாம்பேட்டிலிருந்து சைக்கிளில் வருவார். டூல் ரூமில் என்ன முறை என்றால், ஒவ்வொரு தொழிலாளிக்கும் தன் எண் பொறித்த பித்தளை டோக்கன் உண்டு. ஒரு கருவியை எடுத்தால், அது இருந்த ஆணியில் தன் டோக்கனை மாட்டிவிட்டுத்தான் எடுக்கவேண்டும். நான் புலம்பியதைக் கேட்டுவிட்டு அவர் சுண்டலை என் கையில் திணித்தார்.

“இன்னா சார் இது, ஒரு ஸ்பேனர் காணாப்போனா யாருகிட்ட கீதுன்னு ஆணியைப் பாத்து நான் சொல்லிடுவேன். இம்மாம் பெரிய மிஷின் வச்சிகினு, யாரு தொட்டான்னு சொல்ல உங்ககிட்ட ஒரு ஆணி கூட இல்லியா?”

எனக்குச் சுருக்கென்றது. இத்தனை வருடம் கம்ப்யூட்டர்காரன் என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தவன் நான். கையில் இருந்த சுண்டலைத் தின்றேன்.

இரண்டு மணிக்கு, வேறு வழியில்லாமல் பழைய சர்வருக்குள் போனேன். அங்கேயும் லேபிள் டிசைன்களின் பழைய நகல் ஒன்று இருந்ததுதான், ஆனால் அதைக் காலையில் நானே அழித்துவிட்டேனே. துண்டு துணுக்கு ஏதாவது தப்பியிருக்காதா என்ற நப்பாசை. திறந்து பார்த்தால், ஃபோல்டர் முழுசாக இருந்தது. ஒரு ஃபைல்கூடக் குறையவில்லை.

முதலில் எழுந்து குதித்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. லாரிகள் போகும், பூஜை நடக்கும், கவலை விட்டது. குதித்துத் தரையில் கால் படுவதற்குள் அடுத்த எண்ணம் வந்தது. காலையில் நான் அழித்தது இங்கே அப்படியே இருக்கிறது என்றால், நான் அழித்தது எதை?

இரண்டு சர்வருக்கும் ஒரே கறுப்புத் திரை, இரண்டிலும் ரூட் என்ற ஒரே பெயர். பழையது என்று நினைத்துப் புதியதில் நின்றுகொண்டு கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். அடுத்தவர் வீட்டைக் காலி செய்துவிட்டு என் வீட்டைக் கூட்டிவிட்டேன் என்று ஊருக்கு அறிவித்த புண்ணியவான் நான்தான்.

டிசைன்களைத் திரும்ப எடுத்து வைக்க அதிக நேரம் ஆகவில்லை. அதை எப்படிச் செய்வது என்று உங்களுக்கே தெரியும். லேபிள்கள் சரசரவென்று அச்சாகத் தொடங்கின. முதல் லாரி கிளம்பியபோது பேக்கிங் பிரிவில் விசில் அடித்தார்கள். பழைய சர்வரில் நகல் இருப்பதைக் கண்டுபிடித்தது நான் என்று பேச்சு பரவியது. ஆளாளுக்குக் கை கொடுத்தார்கள். ஜி.எம். என்னைக் கட்டிக்கொண்டார். எனக்கோ திருடனுக்குத் தேள் கொட்டிய நிலைமை, வாய்விட்டுக் கத்தவும் முடியாது.

பெயரை எழுதித் தரவேண்டாம், தானே முடிவு செய்துவிட்டதாக ஜி.எம். சொன்னார். ஜெயசுதாவின் நிரந்தர உத்தரவை நிறுத்திவிட்டார். விடுமுறைக்குப் பிறகு வரவேண்டாம் என்று சொல்லியாகிவிட்டது. அவரே ஒப்புக்கொண்ட மாதிரிதானே என்றார்.

இப்போது நான் சொல்லப்போவதை நன்றாகக் கேளுங்கள், ஏனென்றால் இதை எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லித்தரமாட்டார்கள். அந்த நிமிடத்தில் என் மனசு உடனே ஒரு வக்கீலை அமர்த்திக்கொண்டது. பதிவேட்டில் உன் பெயரா இருக்கிறது, ரூட் என்றுதானே இருக்கிறது என்றார் வக்கீல். பதினொரு பேருக்குப் பொதுவான ரூட்டில் உன் பங்கு பதினொன்றில் ஒன்றுதான் என்றார். நீதானே சரியும் செய்தாய், கணக்கு நேராகிவிட்டது, அந்தப் பெண்ணுக்குப் பிறகு வேறு இடத்தில் சொல்லி வைக்கலாம் என்றார். ரொம்பக் கெட்டிக்கார வக்கீல். பொதுப் பாஸ்வேர்டின் உண்மையான ஆபத்து இதுதான். வெளியிலிருந்து திருடன் வருவான் என்பது அப்புறம். உள்ளே இருக்கும் யோக்கியன் ஒளிந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆக்கிவிடுகிறது. அன்று இரண்டு மணி நேரத்துக்கு மேல் நான் அதில் ஒளிந்திருந்தேன். அந்த இரண்டு மணி நேரத்துக்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

பூஜை நடந்தது. முடிந்ததும் கேட்டுக்கு முன்னால் திருஷ்டிப் பூசணி உடைக்கவேண்டும். வழக்கமாகச் சீனியர் ஃபோர்மேன் உடைப்பார். இந்த முறை காப்பாற்றியவர் கையால் உடைக்கட்டும் என்று ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். பூசணிக்காயைக் கையில் கொடுத்து மேலே கற்பூரத்தை ஏற்றினார்கள். தொழிற்சாலை முழுக்கச் சுற்றி நின்றது. நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். இரண்டாவது சுற்றில் திரும்பும்போது, கூட்டத்துக்கு வெளியே ஜெயசுதா தெரிந்தார். தோளில் பை, கையில் ஒரு பொரிப் பொட்டலம். அழவில்லை. தான்தான் செய்திருப்போமோ என்று இன்னும் யோசித்துக்கொண்டிருந்த முகம் அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மூன்றாவது சுற்றை நான் சுற்றவில்லை. பூசணிக்காயைக் கையில் பிடித்தபடியே ஜி.எம்.மிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அழித்தது நான், பழைய சர்வர் என்று நினைத்துப் புதியதில் அழித்தேன், இரண்டு மணிக்கே எனக்குத் தெரியும், இவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று. குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது. லாரி டிரைவர்களுக்கும் கேட்டது. நாதஸ்வரக்காரர்கூட நிறுத்திவிட்டார்.

ஜி.எம். என்னைப் பார்த்தார், கற்பூரத்தைப் பார்த்தார்.

“சார், கற்பூரம் அணையுது. முதல்ல அதை உடைங்க, அப்புறம் உங்களை நான் உடைக்கிறேன்.”

உடைத்தேன். என் வாழ்க்கையில் எந்தப் பூசணிக்காயும் அப்படிச் சிதறியதில்லை. குங்குமம் என் சட்டை முழுக்கத் தெறித்தது. பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் தும்மினார்கள். அடுத்த நொடி கூட்டமே சிரித்தது. எனக்கும் அடக்க முடியவில்லை. ஜி.எம். மட்டும் சிரிக்காமல் தன் அறைக்குப் போய், அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டு எடுத்துவந்து, நடு ரோட்டிலேயே ஜெயசுதாவிடம் கொடுத்தார். அவர் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டது ஒன்றுதான்: அந்த இரண்டு பழைய ஃபைல், அது உண்மையிலேயே குப்பைதானே சார்? குப்பைதான் அம்மா என்றேன். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது, எனக்கும்.

என்னை ஜி.எம். உடைத்தாரா என்றால், உடைத்தார். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் என் பெயர் இல்லை. ஒரு மாதத்துக்குள், யார் செய்தது என்று கேட்டால் பெயர் வரவேண்டும், அதற்கு வழி செய் என்றார். நான் நேராக டூல் ரூமுக்குப் போய் அரை நாள் அந்த ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு நாங்கள் செய்ததுதான் நீங்கள் இன்று பார்க்கும் முறை. ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு சாவி. பெரிய அதிகாரம் தேவைப்படும் வேலைக்கு மட்டும் அந்த நேரத்துக்கு அதைக் கேட்டு வாங்கவேண்டும், வாங்கியவர் பெயர் பதிவாகும். ரூட் பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது, உறையில் மூடி ஜி.எம்.மின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. எங்கள் மேல் நம்பிக்கை இல்லையா என்று மூத்தவர்கள் கோபித்துக்கொண்டார்கள். நாளைக்கு நான் செய்யும் தப்புக்கு உங்களை மாட்டிவிடாமல் இருக்கத்தான் என்றேன். பூசணிக்காய் சாட்சி இருந்ததால் யாரும் மறுத்துப் பேசவில்லை. ஒருவர் மட்டும், இனி வீட்டுக்குப் போன் செய்யக் காரணம் இல்லாமல் போய்விட்டதே என்று கொஞ்ச நாள் வருத்தமாக இருந்தார்.

யாருக்கு எந்தக் கதவு என்று முடிவு செய்யும் பொறுப்பை ஜெயசுதாவிடம் கொடுத்தோம். எனக்குத் தெரியாது என்று பத்துப் பேர் நடுவில் சொல்லத் தெரிந்தவரிடம்தான் அதைக் கொடுக்கவேண்டும். அவர் செய்த முதல் காரியம், லேபிள் சர்வரில் எனக்கு இருந்த அனுமதியை எடுத்தது. உங்களுக்கு அங்கே வேலை இல்லையே சார் என்றார். இரண்டு நாள் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தால், எனக்கு அங்கே உண்மையிலேயே வேலை இல்லை.

நான் ஓய்வுபெற்ற அன்று மாலை எனக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தபோதே ஜெயசுதா எழுந்து போய் என் பெயரை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிட வேலை. மற்ற பத்துப் பேரும் எதையும் புதிதாக மனப்பாடம் செய்யவேண்டியிருக்கவில்லை. மேடையில் இருந்தபடி அதைப் பார்த்தேன், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் காலை கோவில்பதாகை வீட்டில் பேப்பர் படித்து முடித்தும் மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது. குறும்பு தாங்கவில்லை. மடிக்கணினியை எடுத்து, என் பழைய பெயரில் தட்டிப் பார்த்தேன். கதவு திறக்கவில்லை. நல்லது என்று மூடி வைத்துவிட்டு காபி போட எழுந்தேன். பால் பொங்குவதற்குள் போன் அடித்தது.

“சார், ஒன்பது மணி நாலு நிமிஷத்துக்கு உங்க பேர்ல ஒருத்தர் உள்ள வரப் பாத்திருக்காங்க. நீங்கதானா, இல்ல வேற யாராச்சுமா?”

“நான்தாம்மா.”

“சரி சார். காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, காலியா விட முடியாது. என்ன போடட்டும்?”

“சந்தோஷம்னு போடும்மா.”

அப்படியே போட்டாரா என்று எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது அந்தப் பதிவேட்டைத் திறக்க அனுமதி இருந்தால் பார்த்துச் சொல்லுங்கள். இருக்காது. அவரிடம் கேட்டுத்தான் வாங்கவேண்டும், எதற்கு என்றும் கேட்பார்.